டெண்டர் என்றால் கான்ட்ராக்டர் விஷயம் மட்டுமா? சிறு தொழில்களுக்கு நியாயமான வாய்ப்பு கிடைக்கக் குடிமக்கள் செய்யக்கூடியவை

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைத் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர் என்று போனால், ஏதாவது ஒரு தெருவில் ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கும். மழைநீர் வடிகால், பேவர் பிளாக் நடைபாதை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், அங்கன்வாடிக்கு வெள்ளையடிப்பு எனப் பட்டியல் நீளும். இவை எல்லாமே மக்கள் வரிப்பணத்தில், டெண்டர் மூலம் யாரோ ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட வேலைகள்.

வேலை முடிந்ததும் நாம் என்ன பார்க்கிறோம்? ரோடு நல்லா இருக்கா, ஒரு மழைக்குத் தாங்குமா என்று பார்க்கிறோம். அது அவசியம்தான். ஆனால் அது பாதிக் கேள்வி. மீதிப் பாதி, "இந்த வேலை யாருக்குப் போச்சு, எப்படிப் போச்சு, நம்ம ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரும் பேவர் பிளாக் சூளை நடத்தும் மகளிர் குழுவும் இதில் கலந்துகொள்ள முடிந்ததா?" என்பது. இந்தக் கேள்விக்கான பதில் வேலை தொடங்கும் முன்பே, டெண்டர் ஆவணத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த ஆவணத்தைப் படிக்க இன்று ஒரு ஸ்மார்ட்போன் போதும். எதை, எப்போது, எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

1997, 1998: இரண்டு சட்டங்களிலும் நாம்தான் முன்னோடி

தகவல் உரிமைக்காக இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. ஆண்டு 1997. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல்தான் வந்தது. இன்று நாம் பயன்படுத்துவது அந்த 2005 சட்டத்தை.

அடுத்த ஆண்டே, 1998ல், தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் நிறைவேறியது. அரசுத் துறைகள், வாரியங்கள், உள்ளாட்சி அமைப்புகள் பொருள் வாங்குவதும் வேலை கொடுப்பதும் எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதை இந்தச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் சொல்கின்றன. கர்நாடகம் தனக்கென இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது 1999ல்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் பலன். டெண்டர் எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்கிறது. அது அப்படி நடந்ததா என்று கேட்கும் உரிமையை இன்னொரு சட்டம் தருகிறது. கான்ட்ராக்டராக இருந்தால்தான் கேட்க முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் குடியிருப்பவர் மட்டுமல்ல, இந்தியக் குடிமகன், குடிமகள் யாரும் கேட்கலாம்.

சிறு தொழிலுக்கு என்னென்ன சலுகை உண்டு?

முதலில் 'சிறு தொழில்' என்றால் யார் என்று பார்ப்போம். 1.4.2025 முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி, இயந்திரம், தளவாடங்களில் முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் அது குறு நிறுவனம். முதலீடு 25 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 100 கோடிக்குள்ளும் இருந்தால் சிறு நிறுவனம். நம்ம ஊரில் பார்க்கும் பட்டறை, அச்சகம், தையலகம், கேட்டரிங் யூனிட் ஆகியவற்றில் பெரும்பாலானவை குறு நிறுவனங்களே. இதற்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதார், பான் இருந்தால் போனிலேயே முடித்துவிடலாம். "ஆயிரம் ரூபா கொடுங்க, பதிஞ்சு தர்றேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மத்திய அரசு வாங்கும்போது: 2012ல் வந்த பொதுக் கொள்முதல் கொள்கை ஆணைப்படி, மத்திய அமைச்சகங்களும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். ஆரம்பத்தில் 20 சதவீதமாக இருந்தது, 1.4.2019 முதல் 25 ஆனது. இந்த 25க்குள் 4 சதவீதம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும், 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் உரியது. டெண்டர் ஆவணம் இலவசம். ஈ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகையும் கிடையாது. ஒரு சிறு நிறுவனம் சொன்ன விலை, மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், குறைந்த விலைக்கே இறங்கி வந்து ஒரு பங்கை சப்ளை செய்யவும் வாய்ப்பு உண்டு.

நம்ம பகுதியில் மத்திய அரசு எங்கே வாங்குகிறது என்று யோசிக்கிறீர்களா? தாம்பரத்தில் ரயில்வேயும் விமானப்படை நிலையமும் இருக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே கல்பாக்கம் அணுமின் வளாகம் இருக்கிறது. ஜெம் எனப்படும் மத்திய அரசின் கொள்முதல் தளத்தில் இவற்றின் தேவைகளைத் தேடிப் பார்க்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த 25 சதவீத ஆணை பொருள், சேவைக் கொள்முதலுக்கானது. கட்டடம், சாலை போன்ற ஒப்பந்தப் பணிகளுக்குப் பொருந்தாது.

மாநில அரசு வாங்கும்போது: தமிழ்நாட்டு விதிகளில், மாநிலத்துக்குள் இயங்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு, அவை எந்தப் பொருளுக்குப் பதிவு செய்திருக்கின்றனவோ அந்தப் பொருளைப் பொறுத்தவரை, ஈ.எம்.டி. விலக்கு உண்டு. மற்றவர்களுக்கும் ஈ.எம்.டி. வேலையின் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 40 லட்ச ரூபாய் வேலை என்றால் அதிகபட்சம் 40 ஆயிரம் ரூபாய்.

டெண்டருக்கு வெளியிலும் உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காக 2023ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் கிடைக்கும். விவரத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. அரசு நினைத்தால் ஒரு கொள்முதல் எத்தனை வீட்டு அடுப்பை எரிய வைக்கும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

சலுகை இருக்கிறது. அது உரியவர் கைக்குப் போய்ச் சேர்கிறதா? அதைக் கண்டுபிடிக்க ஐந்து இடங்களில் பார்க்க வேண்டும்.

முதல் இடம்: அறிவிப்பு வந்ததா, நாள் போதுமா?

டெண்டர் அறிவிப்பு அரசின் மின் கொள்முதல் தளத்தில் வரும். மாவட்ட அளவில் ஆட்சியர் பொறுப்பில் மாவட்ட ஒப்பந்தப்புள்ளிச் செய்தி இதழ் உண்டு. மாநில அளவிலும் ஒன்று உண்டு. மின் கொள்முதல் தளத்தில் அமைப்பின் பெயரை வைத்துத் தேடலாம். லாக்-இன் தேவையில்லை.

இங்கே பார்க்க வேண்டியது தேதி. விதிப்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்குக் குறைந்தது 30 நாளும் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமென்றால், டெண்டர் விடும் அதிகாரிக்கு மேலுள்ளவர் காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும்.

நாள் கணக்கில் என்ன இருக்கு என்று தோன்றலாம். பெரிய நிறுவனத்தில் டெண்டர் பார்க்கவே தனி ஆள் இருப்பார். சிறு தொழில் செய்பவர் பகலில் பட்டறையில் நிற்பார், ராத்திரிதான் ஆவணத்தைப் படிப்பார். வங்கிச் சான்று, டிஜிட்டல் கையொப்பம், ஆடிட்டர் சான்று எல்லாம் வாங்க வேண்டும். 15 நாள் 7 நாளாகக் குறைந்தால் அவர் தானாக வெளியே போய்விடுவார். யாரும் அவரை "வராதே" என்று சொல்லத் தேவையே இல்லை.

இரண்டாம் இடம்: நிபந்தனைகள் யாருக்காக எழுதப்பட்டிருக்கின்றன?

நிறையப் பேர் விட்டுவிடும் இடம் இது. டெண்டர் ஆவணத்தில் தகுதி நிபந்தனைகள் என்று ஒரு பகுதி இருக்கும். அதை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பத்துத் தெருக்களில் வடிகால் வேலை. தெருவுக்கு 20 லட்சம். தனித்தனியாக விட்டால் உள்ளூர்ச் சிறு ஒப்பந்தக்காரர்கள் பத்துப் பேர்கூட எடுக்கலாம். பத்தையும் ஒன்றாகக் கட்டி 2 கோடி ரூபாய் 'பேக்கேஜ்' ஆக்கினால்? "கடந்த மூன்று ஆண்டில் இவ்வளவு விற்றுமுதல், இதே அளவில் ஒரு வேலையை முடித்த அனுபவம்" என்று நிபந்தனை உயரும். சிறியவர் ஒருவர்கூட உள்ளே வர முடியாது. கடைசியில் அந்தப் பெரியவரே வேலையைத் துண்டு துண்டாக உடைத்து அதே சிறியவர்களிடம் குறைந்த விலைக்குக் கொடுப்பார். வேலை செய்த கை அதேதான், இடையில் ஒரு பங்கு மட்டும் போய்விடுகிறது. வேலையின் தரமும் அந்தப் பங்கு அளவுக்குக் குறைகிறது.

ஒன்றாகக் கட்டுவது எல்லா நேரமும் தவறு என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய வடிகால் தொடர்ச்சியாகத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒரே கையில் இருப்பது நல்லது. அதேபோல, டெண்டர் வரம்பைத் தவிர்ப்பதற்காக ஒரு வேலையைச் செயற்கையாகப் பிரிப்பதும் தவறு. எனவே கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் சேர்த்தீங்க, அல்லது ஏன் பிரிச்சீங்க, அதற்கான காரணம் கோப்பில் எழுதியிருக்கா?" என்பதுதான்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் மாடல் பெயரையே விவரக்குறிப்பில் போடுவது, வேலைக்குச் சம்பந்தமில்லாத சான்றிதழ் கேட்பது, விலக்கு உள்ளவர்களிடமும் ஈ.எம்.டி. கட்டச் சொல்வது. டெண்டர் முடியும் தேதிக்கு முன்பே இவற்றைச் சுட்டிக்காட்டினால் திருத்த வழி உண்டு. தேதி போன பிறகு கஷ்டம்.

மூன்றாம் இடம்: திறப்பும் முடிவும்

டெண்டரை அறிவித்த நேரத்தில், அறிவித்த இடத்தில், கலந்துகொண்டவர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும். ஆன்லைன் டெண்டர் என்றால் யார் யார் போட்டார்கள், என்ன விலை என்பது தளத்திலேயே தெரியும்.

திறந்ததிலிருந்து முடிவு வரும் வரை மதிப்பீட்டு நடவடிக்கை ரகசியம். அந்த நேரத்தில் தகவல் மனு போட்டால் மறுப்பு வர வாய்ப்பு அதிகம். பொறுத்திருங்கள். முடிவு ஆனதும், யாருடைய ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்டது, மற்றவர்களுடையது ஏன் நிராகரிக்கப்பட்டது என்ற விவரத்தைச் செய்தி இதழுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

போட்டவர்களின் விலைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று பேர் போட்டிருக்கிறார்கள், மூவரின் விலையும் ஒரே அளவு இடைவெளியில் ஏறுகிறது, முகவரி மூன்றுக்கும் ஒன்றே என்றால், அங்கே போட்டி பெயருக்கு மட்டும் இருக்கலாம். இப்படிக் கூட்டாகப் பேசி டெண்டர் போடுவது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: இது சந்தேகத்துக்கான காரணமே தவிர, நிரூபணம் கிடையாது.

டெண்டரில் கலந்துகொண்ட சிறு நிறுவனத்துக்கு இங்கே ஒரு முக்கியமான கெடு உண்டு. முடிவில் குறை இருந்தால், உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். 15 நாளுக்குள் அதன் மீது முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 11ஆம் பிரிவு. "பார்த்துக்கலாம்" என்று இருந்தால் 10 நாள் ஓடிவிடும்.

நான்காம் இடம்: வேலை நடக்கும்போது

இங்கே நாம் எல்லோரும் வல்லுநர்கள்தான், ஏனென்றால் வேலை நம் வீட்டு வாசலில் நடக்கிறது. வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டின் நகலையும் பணி ஆணையின் நகலையும் வாங்கி வையுங்கள். வடிகால் எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், கான்கிரீட் கலவை எது, கம்பி எத்தனை எம்.எம். என்று அதில் இருக்கும். வீட்டில் இருக்கும் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். தேதி, இடம் பதியும்படி போனில் படம் எடுங்கள். கம்பி கட்டும்போதே எடுக்க வேண்டும், கான்கிரீட் போட்டு மூடிய பிறகு எதுவும் தெரியாது.

பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தை எம் புக் என்பார்கள். அதில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றா என்று பார்ப்பதுதான் சமூகக் கண்காணிப்பின் மையம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணத்தின் நகலோடு நிற்பதில்லை. வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டுப் பெறவும் அதில் இடம் உண்டு.

ஐந்தாம் இடம்: பணம் எப்போது போனது?

சிறு தொழில் அதிகம் அடிவாங்குவது இங்கேதான். டெண்டர் நியாயமாகக் கிடைத்தது, வேலையும் நன்றாக முடிந்தது. ஆனால் பில் ஆறு மாதமாக நிற்கிறது. பெரிய நிறுவனம் தாங்கும். சிறியவர் வட்டிக்கு வாங்குவார், அடுத்த டெண்டருக்கு வரமாட்டார். அடுத்த முறை போட்டி இன்னும் குறையும், விலை ஏறும். அந்தக் கூடுதல் விலையைக் கட்டுவது நாம்தான்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனம் கொடுத்த பொருள் அல்லது சேவைக்கு, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். அரசு அலுவலகமும் இதற்கு விலக்கல்ல. 2017ல் தொடங்கிய சமாதான் என்ற மத்திய அரசின் தளத்தில் புகாரைப் பதிந்தால், அது மாநிலத்தில் உள்ள வசதியாக்க மன்றத்துக்குப் போகும். கட்டுமான ஒப்பந்தப் பணிகளுக்கு இது பொருந்துமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் மாறுபடுகின்றன. அதனால் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வேலை எடுக்கும் முன்னரே உத்யம் பதிவை முடித்து வைப்பது பாதுகாப்பு.

சப்ளையர் பயந்து வாய் திறக்காமல் இருக்கலாம். "கேட்டா அடுத்த வேலை கிடைக்காதுங்க" என்பது அவர் நிலைமை. குடிமக்களுக்கு அந்தப் பயம் இல்லை. பில் எந்தத் தேதியில் வந்தது, பணம் எந்தத் தேதியில் போனது என்ற இரண்டு தேதிகளை மட்டும் நீங்கள் கேட்டு வாங்கினால் போதும். நிறையத் தெரிந்துவிடும்.

கிராம சபையில் எப்படிக் கேட்பது?

காட்டாங்குளத்தூர் ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகளில் வசிப்பவர்களுக்குக் கிராம சபைதான் நல்ல மேடை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மறைமலை நகர், நந்திவரம்-கூடுவாஞ்சேரி போன்ற நகராட்சிகளில் இருப்பவர்களும் தாம்பரம் மாநகராட்சிவாசிகளும் வார்டு குழு, பகுதி சபைக் கூட்டங்களில் கேட்கலாம்.

பேச்சு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

"சார், மூணாவது தெரு கால்வாய் வேலை எஸ்டிமேட் எவ்வளவு? யாருக்கு ஒர்க் ஆர்டர் போயிருக்கு?"

"அது ஒன்றியத்துல இருந்து வர்ற வேலைம்மா. ஃபைல் எங்ககிட்ட இல்ல."

"சரிங்க சார். அப்போ ஒன்றியத்துல இருந்து நகல் வாங்கி, அடுத்த கூட்டத்துக்குள்ள நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்னு ஒரு தீர்மானம் எழுதிக்கோங்க. நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடுறோம்."

இதில் சண்டை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. "தெரியாது" என்ற பதில் அப்படியே காற்றில் போகாமல் தீர்மானமாகப் பதிவாகிறது. கூட்டத்தில் பேசியது மறந்துவிடும், தீர்மானப் புத்தகத்தில் இருப்பது மறக்காது. ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர் என்பதால், தீர்மான நகலை அவருக்கும் அனுப்பி வைக்கலாம்.

தகவல் மனுவில் என்ன எழுதலாம்?

தமிழ்நாடு அரசின் ஆன்லைன் தகவல் உரிமைத் தளத்திலோ, வெள்ளைத் தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியோ மனு போடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. "ஊழல் நடந்ததா?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்:

1. இன்ன தெருவில் இன்ன வேலைக்கான நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, மதிப்பீடு ஆகியவற்றின் நகல்.
2. டெண்டர் அறிவிப்பு வெளியான தேதி, கடைசித் தேதி. அவகாசம் குறைக்கப்பட்டிருந்தால் அதற்கான உத்தரவின் நகல்.
3. விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கை, ஒப்பீட்டு அட்டவணை, நிராகரிப்புக் காரணங்கள்.
4. பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள்.
5. பில் பெறப்பட்ட தேதி, பணம் வழங்கிய தேதி.
6. கடந்த நிதியாண்டில் இந்த அலுவலகம் செய்த கொள்முதலில் குறு, சிறு நிறுவனங்களுக்கும், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் போனவற்றின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடமும், அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடமும் போகலாம். கோப்பு பெரிதாக இருந்தால் நேரில் பார்க்கக் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

பெயர் ஒருவருடையது, தொழில் வேறொருவருடையதா?

சலுகை இருக்கும் இடத்தில் பினாமியும் வருவார். மத்திய கொள்கைப்படி, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் நிறுவனம் என்றால் கூட்டு நிறுவனமாகவோ பிரைவேட் லிமிடெட் ஆகவோ இருக்கும்போது குறைந்தது 51 சதவீதப் பங்கு அவர்களிடம் இருக்க வேண்டும். காகிதத்தில் 51 இருக்கும். காசோலைப் புத்தகமும் முடிவும் வேறொருவர் கையில் இருக்கும். பெண் பெயரில் நிறுவனம் இருக்கும். அவரோ ஒரு கூட்டத்துக்கும் வந்திருக்க மாட்டார்.

இதில் ஊர்க்காரர்களுக்குத் தெரிவது அதிகாரிக்குத் தெரியாது. ஆனால் இங்கேதான் அதிகக் கவனம் தேவை. ஒருவருடைய சாதியைக் கூட்டத்தில் எழுப்புவதோ, அவருடைய சான்றிதழைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ கண்காணிப்பு ஆகாது. அது அவமதிப்பு, சட்டச் சிக்கலையும் கொண்டுவரும். சந்தேகம் இருந்தால் உரிய அலுவலகத்துக்கு எழுத்தில் மட்டும் தெரிவியுங்கள். அதோடு, முதல் முறையாகத் தொழிலுக்கு வந்து தடுமாறுபவரைப் பினாமி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். அவருக்குத் தேவை உதவி.

மற்ற இடங்களில் எப்படிச் செய்தார்கள்?

ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் ஒரு பொது விசாரணை நடந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, அரசு வேலைகளின் கணக்குகளை ஊர் நடுவே வாசித்துக் காட்டியது. "இந்தப் பில்லில் இருக்கிறபடி வேலை நடந்ததா?" என்ற எளிய கேள்விதான். இப்படி வரிசையாக நடந்த கூட்டங்களும் போராட்டமும்தான் தேசிய அளவிலான தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழி போட்டன. பின்னாளில் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் கிராம சபையின் சமூகத் தணிக்கை சட்டக் கடமையாகவே சேர்ந்தது.

பிலிப்பைன்ஸ் இன்னொரு வழியில் போனது. 2003ல் வந்த கொள்முதல் சட்டத்தில், டெண்டர் குழுவின் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு வெளிப் பார்வையாளர்களை அழைக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஒருவர் அந்தத் தொழில் சார்ந்த அமைப்பிலிருந்து, இன்னொருவர் மக்கள் அமைப்பிலிருந்து. வாக்களிக்கும் உரிமை இல்லை, பார்த்து அறிக்கை எழுதலாம்.

நம்ம பக்கத்து மாநிலமான கர்நாடகம், சிறிய கட்டுமானப் பணிகளில் ஒரு பங்கைப் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்தக்காரர்களுக்கு ஒதுக்கத் தன் டெண்டர் சட்டத்தையே திருத்தியது. முதலில் 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகள், 2023ல் அந்த வரம்பு 1 கோடி ஆனது. ஒதுக்கீட்டு விகிதம் பட்டியல் சாதியினருக்கு 17.15, பழங்குடியினருக்கு 6.95 சதவீதம். 'சிறிய பணி' என்ற வரம்பு எங்கே நிற்கிறது என்பது எவ்வளவு முக்கியம் பாருங்கள். வேலைகளைச் சேர்த்துக் கட்டினால் வரம்பைத் தாண்டிவிடும், ஒதுக்கீடும் பொருந்தாமல் போய்விடும். மேலே இரண்டாம் இடத்தில் சொன்ன கேள்வி இங்கேயும் வருகிறது.

குறை தெரிந்தால் யாரிடம் போவது?

முதலில் டெண்டர் விட்ட அலுவலகத்துக்கே எழுதுங்கள். ஊராட்சி வேலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையர். பல குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும். பதில் இல்லையென்றால் 1100 என்ற முதல்வரின் உதவி மையத்திலோ மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் நாளிலோ மனு கொடுக்கலாம். நகராட்சி, மாநகராட்சி நிர்வாகத்தில் முறைகேடு என்றால் உள்ளாட்சி முறைமன்ற நடுவர் இருக்கிறார். லஞ்சம் கேட்டார்கள் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். எங்கே போனாலும் டெண்டர் எண், தேதி, ஆவண நகல், அளவு, படம் ஆகிய ஐந்தும் கையில் இருக்கட்டும்.

சில கவனக் குறிப்புகள்

• தனியாகப் போகாதீர்கள். மூன்று நான்கு பேராக, முடிந்தால் ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர், ஒரு மகளிர் குழு உறுப்பினர், கணக்குத் தெரிந்த ஓர் இளைஞர் என்று சேர்ந்து போங்கள்.
• உங்கள் குழுவில் யாராவது அந்த டெண்டரில் கலந்துகொண்டவராக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோற்றவர் கண்காணிப்பாளர் வேஷம் போட்டால் குழுவின் பேச்சு எடுபடாது.
• வேலையைத் தடுக்காதீர்கள், தொழிலாளர்களிடம் வாக்குவாதம் வேண்டாம். கேள்வி அலுவலகத்திடம்தான்.
• நன்றாக நடந்த வேலையையும் கிராம சபையில் பதிவு செய்யுங்கள். ஒழுங்காகச் செய்த சிறு ஒப்பந்தக்காரருக்கு அந்த ஒரு வரி அடுத்த டெண்டரில் அனுபவச் சான்றுக்குத் துணையாக நிற்கும்.

எல்லா டெண்டரையும் ஒருவரே பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். உங்கள் தெருவில் நடக்கும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புத் தேதியிலிருந்து பணம் போன தேதி வரை அதை மட்டும் தொடருங்கள். அடுத்த கிராம சபைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரைப் பார்த்து, மேலே உள்ள ஆறு கேள்விகளில் இரண்டை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்க அது போதும்.